றிக்கென்: ஸ்வால்பார்ட் வரைபடத்தோடு பத்து நாள்

எனக்குத் தெரிந்த நோர்ஸ்க், அதாவது நோர்வே மொழிச் சொற்களில் பாதி மீனோடு வந்தவை. 1986-இல் நாட்டுப்புற உயர்பள்ளி ஒன்றில் படிக்கவென்று நோர்வேக்கு வந்து, அடுத்த வருடமே ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் கத்தியோடு நின்றவன் நான். 'றிக்' என்ற சொல்லை அங்கேதான் பிடித்தேன். கொட் மீனின் நடுமுள்ளு 'றிக்பைன்'. மூன்றாவது மாரியில் அதே சொல் என் உடம்பிலும் ஏறிவிட்டது. டொக்டரிடம் போய் முழுதாகப் பிழையில்லாமல் நான் சொன்ன முதல் நோர்ஸ்க் வசனம் "வுண்ட் இ றிக்கென்". முதுகு நோகுது. அந்தச் சொல் மலைக்கும் வரும் என்று எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரியாது.

போன ஏப்ரலில்தான் தெரிந்தது. மகள் வட துருவப் பக்கம் இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், லொங்யேர்பியன் என்ற ஊரில் உள்ள பல்கலைக்கழக மையத்தில் பனியாறுகளைப் பற்றிப் படிக்கிறாள். நாங்கள் இருக்கிற வட நோர்வே நகரம் துரொம்சோவில் இருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பத்து நாள் வெளிக்கள வேலை என்று பனி ஸ்கூட்டரில் ஒரு கூட்டமாக வடகிழக்குப் பக்கம் வெளிக்கிட்டார்கள். ஸ்வால்பார்டில் ஒரு குடியிருப்பில் இருந்து இன்னொன்றுக்கு வீதியே கிடையாது. குடியிருப்பை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனால் போனும் வேலை செய்யாது. செய்மதி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று மட்டும் கையில். மூன்றாம் நாள் இரவு ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: "அப்பா, சட்விக்றிக்கெனுக்குக் கீழ கூடாரம் போட்டிருக்கிறம். காத்து இல்லை. -19. கரடி இல்லையெண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ."

மனிசி வாசித்துவிட்டுச் சொன்னா: "இல்லையெண்டு சொல்லுங்கோ எண்டால், இருக்கெண்டுதானே அர்த்தம்?"

நான் கரடியை விட்டுவிட்டேன். 'சட்விக்றிக்கென்' என்ற சொல்தான் மண்டைக்குள் நின்றது. சட்விக்கின் முதுகு. ஆர் இந்தச் சட்விக், அவருக்கு ஏன் முதுகு?

அன்றிரவு திறந்ததுதான் டொப்போஸ்வால்பார்ட். நோர்வே துருவ நிறுவனம் நடத்துகிற இணைய வரைபடம். காசு இல்லை, விளம்பரம் இல்லை. அந்த நிறுவனம் இருக்கிற ஃப்ராம் மையக் கட்டடத்துக்கு முன்னால்தான் நான் நெடுங்காலமாகப் பஸ் ஓட்டுகிறேன். உள்ளே இருப்பவர்கள் இப்படியொரு பொருளை வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. காலையில் முதுகுப்பையோடு ஏறி இறங்குகிற ஆட்கள் என்ற அளவில்தான் எனக்குப் பழக்கம்.

தேடும் பெட்டியில் பெயரை அடிக்கத் தொடங்கினேன். வரைபடம் நீ-ஃப்ரீஸ்லாண்டுக்குப் போய் நின்றது. ஸ்பிட்ஸ்பேர்கன் தீவின் வடகிழக்கு மூலை அது. பெரும்பகுதி வெள்ளை, அதில் நீலச் சமவுயரக் கோடுகள். அதுதான் பனியாறு. வெள்ளைக்கு நடுவே கபில நிறத்தில் நீளநீளமாகப் பாறை முதுகுகள். வெள்ளைக் கடலில் திமிங்கிலங்கள் முதுகை மட்டும் காட்டிக்கொண்டு கிடப்பதுபோல. அதில் ஒன்றின் மேல் சரிவாக அந்தப் பெயர்.

இந்தச் சேவைக்கு நான் ஐந்து நட்சத்திரம் போடுவதற்குக் காரணம் இனிமேல் வருவதுதான். மற்ற வரைபடங்கள் ஒரு பெயரைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இங்கே பெயரின் கதைக்கும் வழி இருக்கிறது. அதே நிறுவனம் இடப்பெயர்ப் பதிவேடு ஒன்றும் வைத்திருக்கிறது. அது என்ன வகை நிலம், எங்கே இருக்கிறது, பெயர் ஆரிடமிருந்து வந்தது என்று அதில் சுருக்கமாக இருக்கும். சட்விக்றிக்கென்: மலைமுகடு, நீ-ஃப்ரீஸ்லாண்ட், ஆங்கிலப் பௌதிகவியலாளர் ஜேம்ஸ் சட்விக்கின் பெயரால்.

அடடா, நியூத்திரன் சட்விக்! உயர்தரத்தில் எங்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்த மாஸ்ரர் கரும்பலகையில் 1932 என்று எழுதி இரண்டு கோடு அடித்தது அப்படியே கண்ணுக்குள் வந்தது. அணுக்கருவுக்குள் ஏற்றம் இல்லாத துணிக்கை ஒன்று இருக்கிறது என்று காட்டியவர். 1935-இல் நோபல் பரிசு. மாஸ்ரர் சொல்லாத ஒரு கதையும் உண்டு. அதை நான் பிறகு வாசித்தேன். முதலாம் உலகப் போர் தொடங்கியபோது சட்விக் பேர்லினில் படித்துக்கொண்டிருந்த இளம் ஆள். எதிரி நாட்டவர் என்று பிடித்து, பேர்லினுக்குப் பக்கத்தில் றூலேபன் குதிரைப் பந்தயத் திடலில் அடைத்துவிட்டார்கள். குதிரை லாயத்தில் கைதிகளோடு கைதியாக, போர் முடியும்வரை நான்கு வருடம். அங்கேயும் ஆள் சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஜேர்மனியில் கதிரியக்கம் உள்ள பற்பசை கடையில் விற்றார்கள், அதை வைத்தே பரிசோதனை செய்திருக்கிறார். அகதி முகாமில் பற்பசை வரிசையில் நின்ற ஆட்கள் எனக்குத் தெரியும். அதை இப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வரைபடத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தால், அந்த முகடு தனியாள் இல்லை என்று தெரியும். சுற்றியிருக்கிற மலைக்கூட்டத்துக்கே 'அத்தூம்ஃபியெல்லா' என்று பெயர். அணு மலைகள். அணுவைப் பிளந்தவர்கள், அதற்குள் எட்டிப் பார்த்தவர்கள் என்று அந்தத் துறை ஆட்களின் பெயரை அங்கே மலைகளுக்கு வைத்ததால் வந்த பெயர். அங்கே அணு உலையும் இல்லை, யுரேனியச் சுரங்கமும் இல்லை. பனியும் பாறையும்தான். மனிசிக்கு இதைச் சொன்னபோது, "பிள்ளையை அணுவுக்குள்ளயோ கொண்டுபோய் விட்டிருக்கினம்?" என்று கேட்டா. அவவுக்கு விளங்கப்படுத்தி முடிய ஒரு தேத்தண்ணி ஆறிப்போனது.

இந்த 'றிக்' என்ற சொல்லில் எனக்கொரு சந்தோசம். நாங்கள் முகடு என்கிறோம். முகடு எங்கே இருந்து வருகிறது? வீட்டுக் கூரையில் இருந்து. ஓலை இரண்டு பக்கமும் சரிந்து மேலே சந்திக்கிற இடம். எங்கட ஆட்கள் மலையைப் பார்த்தபோது வீடு ஞாபகம் வந்திருக்கிறது. இவர்களுக்கு மாடோ குதிரையோ மீனோ, ஏதோ ஒன்றின் முதுகு ஞாபகம் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மலைமுகட்டுக்குச் சொல்கிற 'றிட்ஜ்' என்ற சொல்லும் பழைய காலத்தில் முதுகுதானாம், இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். வாலைப் பிடித்துக்கொண்டால் போதும், வரைபடம் முழுவதையும் வாசித்துவிடலாம். 'தொப்பென்' என்று முடிந்தால் உச்சி, 'பிரேயன்' என்றால் பனியாறு, 'டாலன்' பள்ளத்தாக்கு, 'புக்தா' சின்ன வளைகுடா, 'ஒட்டன்' கடலுக்குள் நீண்ட முனை. மகளின் செய்தியில் ஒரு பெயர் வந்தாலே, அவள் ஐசுக்கு மேலே நிற்கிறாளா பாறைக்குப் பக்கத்திலா என்று நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். மனிசிக்கு நான் பெரிய துருவ ஆராய்ச்சிக்காரன்.

நான்காம் நாள் செய்தி: "கிடேனியுஸ்பிரேயன் கடந்திட்டம். நியூற்றன்தொப்பென் தெரியுது."

இந்த இரண்டு பெயரும் என்னை விடியப்புறம் வரைக்கும் நித்திரை கொள்ளவிடவில்லை. நியூற்றன்தொப்பென் 1,713 மீற்றர், ஸ்வால்பார்டிலேயே உயரமான மலை. அப்பிள் விழுந்த நியூற்றனேதான். ஆனால் அவரை ஏன் வட துருவத்துக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள்? பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர். சரியா என்று பார்க்க வேண்டுமானால் தீர்க்கரேகை வழியே ஒரு பாகை தூரத்தை வெவ்வேறு இடங்களில் அளந்து ஒப்பிட வேண்டும். இந்தியாவை அளக்க வந்த ஆங்கிலேயர் லாம்ப்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அளவைக்கு அடிப்படையான நேர்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய வேலையும் இந்தக் கேள்வியோடு சேர்ந்ததுதான். துருவத்துக்குக் கிட்ட அளந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்று 1899-இல் சுவீடனும் ரஷ்யாவும் கூட்டாக ஸ்பிட்ஸ்பேர்கனுக்கு ஆள் அனுப்பின. நியூற்றன்தொப்பெனில் முதன்முதல் ஆள் ஏறியதும் அந்த அளவை நடந்த 1900-ஆம் ஆண்டில்தான்.

கார்ல் கிடேனியுஸ் அதற்கு ஒரு தலைமுறை முந்தியவர். 1861-இல் சுவீடன் பயணக் குழுவோடு போய், இப்படியொரு அளவை அங்கே சாத்தியமா, மலைக்கு மலை பார்வை கிடைக்குமா என்று பார்த்து வந்த இளம் பௌதிகவியலாளர். 1864-இல் இறந்துபோனார். வேலை தொடங்க இன்னும் 35 வருடம் இருந்தது. அவர் பெயரில் ஒரு பனியாறு. அந்தப் பனியாற்றின் மேல்தான் என் மகள் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறாள்.

அத்தூம்ஃபியெல்லாவில் பெரியேதொப்பென் என்று இன்னொரு உச்சி. பிரெஞ்சுப் புவியளவையாளர் ஒருவரின் பெயர். உயரம் 1,712 மீற்றர். நியூற்றனைவிட ஒரு மீற்றர் குறைவு. சனம் ஒருவரை ஒருவர் முந்துவது போதாதென்று மலைகளும்.

பிறகு நான் விட்டபாடில்லை. இரவு வேலை இல்லாத நாளெல்லாம் தேநீரும் வரைபடமும்தான். 1596-இல் டச்சு மாலுமி பாரன்ட்ஸ் வந்தபோது கண்டதை அப்படியே எழுதி வைத்தது 'ஸ்பிட்ஸ்பேர்கன்', கூரான மலைகள். திமிங்கில வேட்டைக்கு வந்த டச்சுக்காரர் தங்கள் ஊர் ஃப்ரீஸ்லாண்டைக் கொண்டுவந்து வைத்தது நீ-ஃப்ரீஸ்லாண்ட், புதிய ஃப்ரீஸ்லாண்ட். 'ஸ்வால்பார்ட்' அதற்கெல்லாம் முந்தியது. ஐஸ்லாந்தின் பழைய ஆண்டுக் குறிப்பில் 1194-ஆம் ஆண்டுக்கு நேரே 'ஸ்வால்பார்ட் கண்டுபிடிக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறதாம். குளிர்ந்த விளிம்பு என்று பொருள். எந்த நிலத்தைச் சொன்னார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1925-இல் தீவுக்கூட்டத்தின் ஆட்சி நோர்வேயின் கைக்கு வந்தபோது அந்தப் பழைய பெயரை எடுத்து மொத்தத்துக்கும் வைத்துவிட்டார்கள். தெற்கே ஹோர்ன்சுண்ட். 1610-இல் ஜோனஸ் பூல் என்ற ஆங்கிலத் திமிங்கில வேட்டைக்காரரின் ஆட்கள் கரையில் இருந்து ஒரு கொம்பைப் பொறுக்கி வந்தார்கள், அதனால் கொம்புக் கடற்கால். அவ்வளவுதான் காரணம்.

லொங்யேர்பியனுக்கு மேலேயே 'சுக்கர்தொப்பென்' இருக்கிறது. சீனிக் கூம்பு மாதிரி இருப்பதால் சீனி உச்சி. இந்த 'சுக்கர்' அரபு வழியாக வடமொழியில் இருந்து போன சொல், எங்கட சர்க்கரையின் தாய்வீடும் அதுதான். 78 பாகை வடக்கில் சர்க்கரை மலை. மகள் அந்த மலையடியில்தான் மூன்று வருடமாக இருக்கிறாள், எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இத்தனை மொழிக்காரர் வைத்த பெயர்களை எல்லாம் நோர்வேஜியர் ஒழுங்குபடுத்தி 1942-இல் ஆங்கிலத்தில் பெரிய இடப்பெயர்ப் புத்தகமாகப் போட்டார்கள். பழைய 'கிங்ஸ் பே' இப்போது கொங்ஸ்ஃபியோடன். பெயரை மொழிபெயர்ப்பதும் நிலத்தைப் பிடிக்கிற ஒரு வழிதான், எங்களுக்கு அதை ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் இவர்கள் பழைய பெயரை அழித்துவிடவில்லை. எந்தப் பெயருக்குப் பதிலாக எது வந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மரியாதை.

படங்களைச் சொல்லாவிட்டால் பிழை. 1936-இலும் 1938-இலும் நோர்வேஜியர் விமானத்தில் பறந்து, சரிவாகக் கீழே பார்த்தபடி ஸ்வால்பார்டை ஆயிரக்கணக்கான படம் எடுத்தார்கள். வரைபடம் கீறத்தான் எடுத்தது. அந்தப் பழைய படங்களையும் இங்கேயே வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு பனியாற்றின் முகப்பை அந்தப் படத்தில் பார்த்துவிட்டு, அதே இடத்தின் இன்றைய செய்மதிப் படத்துக்கு மாறினால் வயிற்றைக் கலக்கும். ஐஸ் எவ்வளவு தூரம் பின்னுக்குப் போய்விட்டது என்று கணக்குப் படிக்காதவனுக்கும் விளங்கும். மகளின் படிப்பு எதைப் பற்றியது என்று அவள் நான்கு தரம் சொல்லியும் எனக்கு ஏறவில்லை, அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் ஏறியது. மலைகளை முப்பரிமாணத்தில் சுற்றிப் பார்க்கவும் வழி இருக்கிறது. நான் என் பழைய போனில் அதைத் திறக்க, போன் இஸ்திரிப்பெட்டி மாதிரிச் சூடாகிவிட்டது. அது போனின் குற்றம். மடிக்கணினியில் பாருங்கோ.

இனி எதிர்பார்க்கக் கூடாதது. இது இடத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. மனிசி முதல் நாள் திரையைப் பார்த்து, "இதில பிள்ளை எங்க?" என்று கேட்டா. சிவப்புப் புள்ளி ஒன்று நகரும் என்று நினைத்துவிட்டா. அப்படி ஒன்றும் இல்லை. பனிச்சரிவு ஆபத்துக்கும் கடலில் ஐஸ் எப்படி என்பதற்கும் வேறு சேவைகளைத்தான் பார்க்க வேண்டும், ஒரு சமவுயரக் கோட்டை நம்பி ஆரும் பனியாற்றில் இறங்கக் கூடாது. பெயர் விளக்கங்களுக்கு ஆங்கிலமோ நோர்ஸ்க்கோ கொஞ்சம் வேண்டும். அவையும் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. சட்விக்கின் குதிரை லாயம் அங்கே இல்லை, அதற்கு நீங்கள்தான் அலைய வேண்டும். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு வரி கிடைத்தால் மிச்சத்தைத் தேடுகிற ருசியே தனி.

உண்மையான குறை வேறோர் இடத்தில் நடந்தது. மகளின் பிறந்தநாளுக்கு அந்த முகடு நடுவில் வருவதுபோல ஒரு வரைபடத்தை அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று யோசித்தேன். இணையத்தில் ஒரு கடை, பெயர் வேண்டாம். வரைபடக் கோப்பும் அனுப்பி, எந்தப் பெயர் கட்டாயம் தெரிய வேண்டும் என்று எழுதியும் விட்டேன். இரண்டு கிழமை கழித்து வந்தது. தாள் நல்ல தடிப்பு, மைக்கும் குறை சொல்ல ஏலாது. ஆனால் ஓரம் வெட்டும்போது என் முகட்டை வெட்டிவிட்டார்கள். 'சட்விக்' இருக்கிறது, 'றிக்கென்' சட்டத்துக்குள்ளே போய்விட்டது. மனுசன் இருக்கிறார், முதுகு இல்லை. தலையில் வட்டம் போட்ட எழுத்தும், குறுக்கே கோடு கீறின எழுத்தும் வருகிற இடமெல்லாம் ஒரு சின்னச் சதுரம். நோர்வே மலைக்கு அந்த எழுத்துகள் இல்லாமல் எப்படி? எழுதிக் கேட்டேன். அடுத்த தடவைக்குப் பத்து வீதம் கழிவு தருவோம் என்று பதில் வந்தது.

பத்தாம் நாள் பின்னேரம் போன் அடித்தது. லொங்யேர்பியனுக்கு வந்துவிட்டாள். குரலே கம்மிப்போயிருந்தது. கரடிக் காவலுக்கு இரவில் முறை வைத்து எழும்பினார்களாம், தூரத்தில் ஒருநாள் கால்தடம் மட்டும் கண்டார்களாம். அதைத் தாயிடம் சொல்ல வேண்டாம் என்றாள். தாய் பக்கத்தில்தான் நின்றா. ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன்.

நான் சட்விக்கின் கதையை எடுத்துவிட்டேன். பற்பசை வரைக்கும். அவளுக்கு அந்தப் பெயரின் காரணம் தெரியாது. அதற்குக் கீழே படுத்து எழும்பியிருக்கிறாள், ஏதோ ஆங்கிலேயர் என்று நினைத்துவிட்டாளாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஸ்கூட்டரில இருந்து இருந்து எனக்கும் வுண்ட் இ றிக்கென் அப்பா" என்றாள்.

வரைபடத்தை வேறு கடையில் கொடுத்து அச்சடிக்கப் போகிறேன். 50-க்கு 70 சென்ரிமீற்றர், ஓரத்தில் நான்கு சென்ரிமீற்றர் வெறுமையாக விடச் சொல்லி. துரொம்சோப் பக்கம், குறுக்குக் கோடு உள்ள எழுத்தைச் சதுரமாக்காத கடை ஏதும் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கோ.